விடையைப் பார்த்தால் புரிகிறது, தனியாகப் போட்டால் வரவில்லை

கல்லூரியில் முதலாமாண்டு இயற்பியல் படிக்கும் ஒரு மாணவி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியில் வர வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். அவர் சொல்வதன் சுருக்கம் இது. பள்ளியில் இயக்கவியல் நன்றாகவே வந்தது. நிலைமின்னியலில் மின்விசையும் மின்புலமும் (ஓரிடத்தில் வைக்கும் ஒரு கூலும் மின்னூட்டத்தின்மேல் வரும் விசை) தொடங்கியதும் எல்லாம் குழம்பிவிட்டது. கூலும் விதி மனப்பாடம் (இரண்டு மின்னூட்டங்களுக்கு இடையிலான விசை அவற்றின் பெருக்கற்பலனுக்கு நேர்விகிதம், தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம்). தீர்த்துவைத்த கணக்கைப் படித்தால் ஒவ்வொரு வரியும் விளங்குகிறது. புத்தகத்தை மூடிவிட்டுப் போட்டால் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறார், அல்லது தப்பான விடை வருகிறது. உள்தேர்வில் 50-க்கு 14. தோழி ஒருத்தி "இருநூறு கணக்கை அப்படியே மனப்பாடம் பண்ணு, போதும்" என்கிறாள். வீட்டில் "வராத பாடத்தை ஏன் பிடித்துத் தொங்குகிறாய், மாற்றிக்கொள்" என்கிறார்கள். தேர்வில் தவறாகப் போன மூன்று கணக்குகளைத் தாளோடு அனுப்பி, "என் மூளை இதற்குச் சரிப்படாதா, நான் இயற்பியலை விட்டுவிடலாமா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள மாணவிக்கு,

மூன்று கணக்குகளையும் வரிவரியாகப் பார்த்தேன். நீங்கள் எதிர்பார்க்காத ஒன்றை முதலில் சொல்கிறேன்: உங்கள் இயற்கணிதத்தில் ஒரு பிழைகூட இல்லை. அடுக்குகளைச் சரியாகக் கையாண்டிருக்கிறீர்கள், வர்க்கமூலம் சரி, வகுத்தல் சரி. பிழை உங்கள் முதல் வரிக்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிடுகிறது. அதனால்தான் எத்தனை முறை சரிபார்த்தாலும் அது உங்கள் கண்ணில் படவில்லை. மூன்று தாளிலும் எண்கள் நிறைந்திருக்கின்றன, ஒரு படம்கூட இல்லை, ஒரு அம்புக்குறிகூட இல்லை. எனக்கு அதுவே போதுமான அறிகுறி.

பூச்சியப் புள்ளி எங்கே?

உங்கள் முதல் கணக்கு: +4 மைக்ரோகூலும் (மைக்ரோகூலும் என்பது மின்னூட்ட அலகான கூலுமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஓரிடத்தில், அதிலிருந்து 30 சென்டிமீட்டர் வலப்பக்கத்தில் −1 மைக்ரோகூலும். இரண்டையும் இணைக்கும் கோட்டில் மின்புலம் எங்கே பூச்சியம்? பெரிய மின்னூட்டத்திலிருந்து உள்ள தூரத்தை 'த' என்று வைத்து, 4/த² = 1/(30−த)² என்று எழுதி, த = 20 சென்டிமீட்டர் என்று முடித்திருக்கிறீர்கள். அதாவது இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளி.

இப்போது ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு புள்ளிகளை வைத்து, நடுவில் 20 சென்டிமீட்டரில் ஒரு நேர் மின்னூட்டத்தை வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். +4 அதை விலக்கும், அம்பு வலப்பக்கம். −1 அதை ஈர்க்கும், அந்த அம்பும் வலப்பக்கம். இரண்டு அம்புகளும் ஒரே பக்கம் போகும்போது ஒன்றை ஒன்று எப்படிக் காலி செய்யும்? கணக்கிட்டுப் பார்த்தால் ஒவ்வொன்றும் 9 லட்சம் நியூட்டன்/கூலும். நீங்கள் 'பூச்சியம்' என்று எழுதிய இடத்தில் உண்மையில் இருப்பது 18 லட்சம் நியூட்டன்/கூலும்.

அம்புகள் எதிரெதிராக நிற்க வேண்டுமானால் புள்ளி இரண்டுக்கும் வெளியே இருக்க வேண்டும். இடப்பக்கமா, வலப்பக்கமா? இடப்பக்கம் போனால் பெரிய மின்னூட்டத்துக்குத்தான் எப்போதும் பக்கத்தில் இருப்போம். தூரத்தில் இருக்கும் சின்னது அதை ஈடுகட்டவே முடியாது. ஆகவே வலப்பக்கம், −1-ஐத் தாண்டி. அங்கே 4/த² = 1/(த−30)². வர்க்கமூலம் எடுத்தால் 2(த−30) = த, அதாவது த = 60 சென்டிமீட்டர்.

இதில் கவனிக்க வேண்டிய வேடிக்கை ஒன்று உண்டு. (30−த)² என்றாலும் (த−30)² என்றாலும் ஒன்றுதான். நீங்கள் எழுதிய சமன்பாடும் நான் எழுதியதும் ஒரே சமன்பாடு, அதற்கு 20, 60 என்று இரண்டு விடைகள். இரண்டு மின்புலங்களின் அளவும் சமம் என்பது மட்டுமே அந்தச் சமன்பாட்டுக்குத் தெரியும். எந்தப் பக்கம் போகின்றன என்பது தெரியாது. அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டியது நீங்கள்.

இன்னொன்று. 20 சென்டிமீட்டர் என்பது +4, +1 என்ற இரண்டு நேர் மின்னூட்டங்களுக்குச் சரியான விடை! அந்தக் கணக்கை எங்கேயோ பார்த்திருக்கிறீர்கள், அதன் வடிவம் மனதில் தங்கிவிட்டது என்று நினைக்கிறேன். தோழியின் யோசனையைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்ப வருகிறேன்.

(கணக்கோடு சம்பந்தமில்லாத ஒரு தகவல்: வறண்ட காற்று சுமார் 30 லட்சம் நியூட்டன்/கூலும் வரைதான் தாங்கும். உங்கள் +4 மைக்ரோகூலுமுக்கு 10 சென்டிமீட்டர் பக்கத்தில் மின்புலம் 36 லட்சத்தைத் தாண்டுகிறது. நிஜத்தில் செய்தால் பொறி பறக்கும். பாடநூல் கணக்குகள் இதையெல்லாம் கண்டுகொள்வதில்லை, தேர்வு முடியும்வரை நீங்களும் கண்டுகொள்ள வேண்டாம்.)

கழித்தல் குறியைச் சூத்திரத்துக்குள் போடலாமா?

"எதிர் மின்னூட்டம் என்றால் கழித்தல் குறியோடு போட்டுவிடுவேன், திசையைச் சூத்திரமே பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான மாணவர்களைத் தடுக்கி விழவைக்கும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கூலும் விதியில் இரண்டு மின்னூட்டங்களையும் குறியோடு பெருக்கினால் வரும் கழித்தல், 'இவை ஈர்த்துக்கொள்கின்றன' என்று மட்டுமே சொல்கிறது. இடது, வலது, மேல், கீழ் எதுவும் அதற்குள் இல்லை. யோசித்துப் பாருங்கள்: ஒரு நேரும் ஒரு எதிரும் பக்கத்தில் இருந்தால், இடப்பக்கம் இருப்பதன்மேல் விசை வலப்பக்கம், வலப்பக்கம் இருப்பதன்மேல் விசை இடப்பக்கம். இரண்டுக்கும் சூத்திரம் கொடுப்பது அதே கழித்தல் குறி. எதிரெதிரான இரண்டு திசைகளுக்கு ஒரே குறி வருகிறது என்றால், அந்தக் குறி திசையைச் சொல்லவில்லை என்றுதானே அர்த்தம்?

எனவே இப்படிச் செய்யுங்கள். அளவைக் கணக்கிடும்போது குறியைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் எண்மதிப்பைப் போடுங்கள். திசையை, ஒத்தவை விலகும், மாறுபட்டவை ஈர்க்கும் என்ற ஒரே விதியைக் கொண்டு படத்தில் அம்பாக வரையுங்கள். கடைசியில் அச்சுகளைத் தேர்ந்து கூறுகளாக எழுதும்போது, வலப்பக்கம் போகும் அம்புக்குக் கூட்டல், இடப்பக்கம் போவதற்குக் கழித்தல் போடுங்கள். அந்தக் கழித்தல் அச்சிலிருந்து வருவது. மின்னூட்டத்தின் குறி வேறு, அச்சின் குறி வேறு. உங்கள் தாளில் இவை இரண்டும் கலந்து, ஓரிடத்தில் கழித்தலும் கழித்தலும் சேர்ந்து கூட்டலாகி, ஈர்ப்பு விலக்காக மாறியிருக்கிறது.

அலகு வெக்டரோடு (திசையை மட்டும் காட்டும், நீளம் ஒன்று உள்ள அம்பு) விதியை முழுமையாக எழுதினால் குறிகளை உள்ளேயே வைத்துக்கொள்ளலாம், அதுவும் சரியான வழிதான். ஆனால் அலகு வெக்டர் எதிலிருந்து எதை நோக்கி என்பதில் கை தடுமாறாத வரைக்கும்தான். இப்போதைக்கு அது உங்களுக்கு வேண்டாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: அடுத்த பாடத்தில் மின்னழுத்தம் வரும். அது திசையில்லாத அளவு. அங்கே மின்னூட்டத்தின் குறியைக் கட்டாயம் சூத்திரத்துக்குள் போட வேண்டும். இந்த அறிவுரையை அங்கே கொண்டுபோனால் மாட்டிக்கொள்வீர்கள்.

இதோடு சேர்ந்த சின்னத் திருத்தம்: "4 மைக்ரோகூலும், 1 மைக்ரோகூலுமை அதிக விசையோடு இழுக்கும்" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இல்லை. இரண்டும் ஒன்றையொன்று இழுப்பது சமமான விசையோடுதான். நியூட்டனின் மூன்றாம் விதி இயக்கவியலோடு முடிந்துபோகவில்லை. பெரிய மின்னூட்டம் அதிகமாக உண்டாக்குவது மின்புலத்தை. விசை என்று வரும்போது இரண்டின் பெருக்கற்பலனும் உள்ளே வருகிறது, அது இருவருக்கும் பொது.

7.2 எப்படி 6.2 ஆனது?

இரண்டாவது கணக்கில் 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள சமபக்க முக்கோணம், மூன்று முனையிலும் +2 மைக்ரோகூலும், மேல்முனையில் உள்ளதன்மேல் மொத்த விசை என்ன என்று கேட்டிருந்தார்கள். ஒவ்வொரு கீழ்முனையும் தரும் விசை 3.6 நியூட்டன் என்று சரியாகக் கண்டுபிடித்து, 3.6 + 3.6 = 7.2 என்று எழுதிவிட்டீர்கள்.

விசைகள் வெக்டர்கள் என்று உங்களுக்குத் தெரியாமல் இல்லை. இயக்கவியலில் சாய்தளத்தில் இதையெல்லாம் அழகாகப் பிரித்திருப்பீர்கள். படம் இல்லாததால் இங்கே ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். வரைந்து பாருங்கள். இடது கீழ்முனை, மேல்முனையை வலப்பக்கம் சாய்வாக மேலே தள்ளுகிறது. வலது கீழ்முனை இடப்பக்கம் சாய்வாக மேலே தள்ளுகிறது. இடமும் வலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்று கண்ணுக்கே தெரிகிறது, அதைக் கணக்கிட வேண்டிய அவசியமே இல்லை. மேல்நோக்கிய பங்குகள் மட்டும் கூடும். ஒவ்வொரு விசையும் செங்குத்துக் கோட்டோடு 30 பாகை. எனவே 2 × 3.6 × கொசைன் 30°, கிட்டத்தட்ட 6.2 நியூட்டன், நேர் மேலே.

"கொசைனா சைனா என்று எப்போதும் குழப்பம்" என்கிறீர்கள். கிடைமட்டத்துக்குக் கொசைன், செங்குத்துக்குச் சைன் என்று ஒரு மனப்பாடம் உங்களிடம் இருக்கும்போல. அது கோணத்தைக் கிடைமட்டத்திலிருந்து அளந்தால்தான் சரி. சந்தேகம் வந்தால் கோணத்தைக் கற்பனையில் பூச்சியமாக்கிப் பாருங்கள். செங்குத்தோடு உள்ள கோணம் பூச்சியமானால் இரண்டு விசைகளும் நேர் மேலே ஒன்றாகச் சேரும், விடை 7.2 வர வேண்டும். கொசைன் பூச்சியம் 1, சரியாக வருகிறது. சைன் போட்டிருந்தால் பூச்சியம் வந்து காட்டிக்கொடுத்திருக்கும். 3.6-ம் 3.6-ம் சேர்ந்தால் 0-க்கும் 7.2-க்கும் இடையில் எதுவும் வரலாம். 7.2 வருவது இரண்டும் ஒரே திசையில் இருந்தால் மட்டுமே. இந்த எல்லையை முன்கூட்டியே ஓரத்தில் எழுதிவைப்பது நல்லது.

மின்புலம் யாருடையது?

மூன்றாவது கணக்கு சுலபமானது, ஆனால் உங்கள் புரிதலில் உள்ள பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. கிழக்கு நோக்கி 200 நியூட்டன்/கூலும் மின்புலம். அதில் −3 மைக்ரோகூலும் வைத்தால் விசை என்ன? நீங்கள் "மின்னூட்டம் எதிர் என்பதால் மின்புலம் மேற்காக மாறுகிறது" என்று எழுதி, விசையைக் கிழக்காக்கிவிட்டீர்கள்.

அந்த மின்புலம் வேறு மின்னூட்டங்கள் உண்டாக்கியது. நீங்கள் எதைக் கொண்டுபோய் அங்கே வைத்தாலும் அது கிழக்கு நோக்கியேதான் இருக்கும். வைத்தது நேர் என்றால் விசை கிழக்கே, எதிர் என்றால் மேற்கே. இங்கே விசை 6×10⁻⁴ நியூட்டன், மேற்கு நோக்கி.

இதே குழப்பத்தின் மறுபக்கம்தான் கடிதத்தில் நீங்கள் கேட்ட கேள்வி: "மின்புலம் என்பது விசையை மின்னூட்டத்தால் வகுத்தது. அப்படியானால் பெரிய சோதனை மின்னூட்டம் வைத்தால் மின்புலம் குறையாதா?" குறையாது, ஏனென்றால் மேலே உள்ள விசையும் சேர்ந்தே கூடும். ஓரிடத்தில் 2 மைக்ரோகூலும் வைத்தால் 0.01 நியூட்டன் விசை என்றால், 4 வைத்தால் 0.02. வகுத்தால் இரண்டு முறையும் 5000 நியூட்டன்/கூலும்தான். சோதனை மின்னூட்டம் மிகச் சிறியதாக இருக்க வேண்டும் என்று புத்தகம் சொல்வதற்குக் காரணம் வேறு: பெரிதாக இருந்தால் அது மூல மின்னூட்டங்களையே நகர்த்திவிடக்கூடும். அவை நகராமல் பிடித்து வைக்கப்பட்டிருந்தால் அந்தக் கவலையும் இல்லை.

ஒவ்வொரு கணக்கிலும் படத்துக்குப் பக்கத்தில் இரண்டு கேள்விகளை எழுதிப் பழகுங்கள்: உண்டாக்குவது எது, உணர்வது எது. மின்புலம் கேட்டால் முதலாவது மட்டும் போதும். விசை கேட்டால் இரண்டும் வேண்டும்.

அலகுகள், வளையம், காஸ் விதி

இவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். மின்னூட்டத்தை மைக்ரோகூலுமிலும் தூரத்தைச் சென்டிமீட்டரிலும் கொடுத்தால், கூலும் மாறிலி 9×10⁹ என்பதற்குப் பதில் 90 என்று போட்டாலே விசை நியூட்டனில் வந்துவிடும். முக்கோணக் கணக்கில் 90 × 2 × 2 / 100 = 3.6. வெற்றிடத்துக்கும் காற்றுக்கும் இது போதும். தேர்வில் முறைப்படி அலகுகளை மாற்றியே எழுதுங்கள், இதை விடையைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், 1 கூலும் என்பது ராட்சத அளவு. ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு 1 கூலும் மின்னூட்டங்கள் 900 கோடி நியூட்டன் விசையோடு தள்ளிக்கொள்ளும். உங்கள் விடை கோடிகளில் வந்தால், எங்கேயோ 10⁻⁶ விட்டுப்போயிருக்கிறது.

மின்னூட்டம் சீராகப் பரவிய வளையம், தண்டு, வட்டத்தட்டு இவற்றின் மின்புலச் சூத்திரங்களை மனப்பாடம் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்தாலும் தவறில்லை, ஆனால் இரண்டு ஓரங்களில் தட்டிப்பார்க்காமல் பயன்படுத்தாதீர்கள். வளையத்தின் மையத்தில் மின்புலம் பூச்சியமாக வேண்டும், எல்லாப் பக்கத் தள்ளுதலும் அழிந்துபோவதால். அச்சில் வெகுதூரம் போனால் வளையம் ஒரு புள்ளியாகத் தெரிய வேண்டும், அதாவது தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைய வேண்டும். இரண்டையும் தாண்டாத சூத்திரம் ஞாபகத்தில் திரிந்துபோன சூத்திரம்.

காஸ் விதி இருக்கும்போது கூலும் விதி எதற்கு என்ற கேள்விக்கு: ஒரு மூடிய பரப்பின் வழியே வெளியேறும் மின்புலத்தை உள்ளே இருக்கும் மொத்த மின்னூட்டத்தோடு இணைக்கும் காஸ் விதி எல்லா இடத்திலும் உண்மை, ஆனால் மின்புலத்தைக் கண்டுபிடிக்க அது கைகொடுப்பது கோளம், முடிவிலா நீளக் கம்பி, முடிவிலாத் தகடு போன்ற சமச்சீர் உள்ள இடங்களில்தான். உங்கள் முக்கோணத்தில் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

மனப்பாடமா, தனிவகுப்பா, விலகலா?

தோழி சொன்ன இருநூறு கணக்கு யோசனைக்கு வருகிறேன். வினாத்தாள் அப்படியே திரும்ப வந்தால் மதிப்பெண் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு குறி மாறினாலும் கதை முடிந்தது. உங்கள் 20 சென்டிமீட்டர் விடையே அதற்குச் சாட்சி: +1-க்கான விடையை −1-க்கு எழுதியிருக்கிறீர்கள். அதற்காகத் தீர்த்த கணக்குகளைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. படிக்கும் விதத்தை மாற்றுங்கள். கேள்வியை மட்டும் பார்த்து, தீர்வை ஒரு தாளால் மூடி, படமும் அம்புகளும் நீங்களே போடுங்கள். விடை எந்தப் பக்கம், ஏறத்தாழ எவ்வளவு என்று ஊகித்து எழுதுங்கள். பிறகு ஒரு வரி திறந்து பாருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு கணக்கு இப்படிப் போட்டால் போதும். முடித்த கணக்கிலேயே ஒரு குறியை மாற்றி மறுபடி போடுவது இன்னும் நல்லது. −1-க்குப் பதில் −4 வைத்துப் பாருங்கள்: சமன்பாடு 15 சென்டிமீட்டர் என்று ஒரு விடை தரும், படம் அதை மறுக்கும். கோட்டில் எங்கேயுமே பூச்சியம் கிடையாது.

தனிவகுப்புக்குப் போவதானால், கரும்பலகையில் வேகமாகப் போட்டுக்காட்டுகிறவரைவிட, நீங்கள் வரைவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறவரைத் தேடுங்கள். மற்றவர் போடுவதைப் பார்த்துப் புரிந்துகொள்வதில் உங்களுக்கு ஏற்கெனவே குறை இல்லை, அதற்கு இன்னும் பணம் கட்ட வேண்டாம்.

விலகுவது பற்றி. பாடம் பிடிக்கவில்லை, வேறொன்றில் மனம் இருக்கிறது என்றால் மாற்றிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வீட்டார் சொல்வதும் நியாயம்தான். ஆனால் உங்கள் கடிதத்தில் நான் பார்த்தது அது இல்லை. ஒரு உள்தேர்வின் 14-ஐ வைத்து மூளையைப் பற்றித் தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள். அந்த 14, ஒரே பழக்கத்தின் குறையால் வந்தது. இதில் ஆபத்தும் உண்டு, மறைக்க மாட்டேன்: அடுத்து வரும் காந்தவியலில் திசைகள் முப்பரிமாணத்தில் வரும், இந்தப் பழக்கத்தை இப்போது சரிசெய்யாவிட்டால் அங்கே இதைவிடச் சிரமப்படுவீர்கள். இன்னும் மூன்று வாரம் மேலே சொன்னபடி போட்டுப் பார்த்து, பிறகு முடிவெடுங்கள் என்பதே என் கருத்து.

அதற்கு முன் இரண்டு வேலைகள். உங்கள் ஆசிரியரிடம் திருத்திய விடைத்தாளைக் கொண்டுபோய், எந்த வரியில் மதிப்பெண் போனது என்று கேளுங்கள். மறுமதிப்பீடு கேட்பதாக அவர் நினைத்துக்கொள்ளாதபடி, "எங்கே தவறு என்று தெரிந்துகொள்ள வந்தேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். படத்துக்கும் வழிமுறைக்கும் தனி மதிப்பெண் உண்டா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். அடுத்து, பாடம் மாற்ற விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்று அலுவலகத்தில் இந்த வாரமே விசாரியுங்கள். அது மூன்று வாரத்துக்கு முன்பே முடிந்துவிடுமானால் அதற்கேற்ப நாட்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். எழுத்துமூலமாகப் பதில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.